கையில் மட்டை இல்லாத ‘கோச்’! மனசுக்கும் வந்தாச்சு பயிற்சி

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி ஸ்டேடியம். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 12, சனிக்கிழமை இரவு. ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம்.

பாதி ஆட்டம் முடிந்தபோது போர்டில் இருந்த கணக்கு: மலேசியா 3, இந்தியா 1!

இத்தனைக்கும் இதே மலேசியாவை, இதே மைதானத்தில், 6 நாளைக்கு முன்புதான் இந்தியா 5—0 என்று துவைத்து எடுத்திருந்தது. அன்று முதல் கோல் போட்டவர் நம்ம அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம். அப்படி உதை வாங்கிய அணியிடம், இறுதி ஆட்டத்தில், சொந்த ஜனங்கள் கண் எதிரே 2 கோல் பின்தங்கினால் எப்படி இருக்கும்? கை, கால் உதறாதா?

உதறவில்லை. 45-வது நிமிடத்தில் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் ஒரு கோல். அதே நிமிடத்தில் குர்ஜந்த் சிங் இன்னொரு கோல். 3—3! 56-வது நிமிடம் ஆகாஷ்தீப் சிங். 4—3. கோப்பை இந்தியாவுக்கு!

பாதி நேரத்தில் அறைக்குள் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பது அறைக்குள் இருந்தவர்களுக்கே வெளிச்சம். ஆனால் அந்த அணியில் சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு புது ஆசாமி சேர்ந்திருந்தார். மட்டை பிடிக்கச் சொல்லித் தருபவர் அல்ல. ஓட்டம் பழக்குபவரும் அல்ல. மருந்துச் சீட்டு எழுதும் டாக்டரும் அல்ல. அவருக்கு வேலையே வீரர்களின் மனசுதான்!

பெயர் பாடி அப்டன். தென் ஆப்பிரிக்காக்காரர்.

யார் இந்த அப்டன்?

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இவர் பழைய ஆள்தான். 2008-ல் கேரி கிர்ஸ்டன் இந்திய அணிக்கு கோச்சாக வந்தபோது கூடவே வந்தவர். டோனி தலைமையில் 2011 ஏப்ரல் 2-ந் தேதி மும்பையில் உலகக் கோப்பையைத் தூக்கினோமே, அந்த அணியின் மனப் பயிற்சியாளர் இவர்தான்.

ஹாக்கிக்கு ஏன் கூப்பிட்டார்கள்? அதற்கும் ஒரு சோகக் கதை உண்டு. 2023 ஜனவரியில் ஒடிசாவில் உலகக் கோப்பை. நியூசிலாந்துக்கு எதிராக இந்தியா 2—0 முன்னிலை, பிறகு 3—1 முன்னிலை. கடைசியில் 3—3. ஷூட்-அவுட்டில் தோல்வி. கையில் இருந்த லட்டு நழுவிக் கீழே விழுந்த கதை! அப்போதைய கோச் கிரஹாம் ரீட், ‘இந்த அணிக்கு மனப் பயிற்சியாளர் ஒருவர் தேவை’ என்று வெளிப்படையாகவே சொன்னார். சொன்னவர் பதவி விலகிப் போய்விட்டார். புது கோச் கிரெய்க் புல்டன் வந்தார். அப்டனும் வந்தார்.

எழும்பூரில் ஜெயித்த எல்லாப் புகழையும் அப்டன் தலையில் கட்டுவது அநியாயம். ஓடியது வீரர்கள். திட்டம் போட்டது புல்டன். ஆனால் ஜனவரியில் முன்னிலையைக் கோட்டை விட்ட அணி, ஆகஸ்டில் பின்னால் இருந்து எழுந்து வந்ததே, அதைத்தான் கவனிக்க வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இன்னும் ஒரு படி மேல். பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியில் 17-வது நிமிடமே அமித் ரோகிதாசுக்கு சிவப்பு அட்டை. மிச்ச நேரம் முழுக்க 10 பேர்தான். 1—1 என்று இழுத்துப் பிடித்து, ஷூட்-அவுட்டில் 4—2 என்று ஜெயித்தார்கள். அரை இறுதியில் ஜெர்மனியிடம் 2—3 தோல்வி. 2 நாள் கழித்து ஸ்பெயினை 2—1 என்று சாய்த்து வெண்கலம்!

மானேஜர் பின்னால் நின்றால்...

மனப் பயிற்சி என்றால் என்ன? ‘தைரியமா இரு தம்பி, உன்னால முடியும்’ என்று முதுகில் தட்டுவதா? அதற்கு தென் ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் எதற்கு? நம்ம வீட்டுப் பாட்டி போதுமே!

ஆபீசில் டைப் அடிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். தனியாக உட்கார்ந்து அடித்தால் விரல் பறக்கும். மானேஜர் வந்து முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும். 10 வருஷமாகத் தெரிந்த எழுத்தே எங்கே இருக்கிறது என்று விரல் தேடும். தப்பு விழும். தப்பு விழுந்ததும் காது சூடாகும். அடுத்த வரியிலும் தப்பு!

மைதானத்தில் நடப்பதும் இதேதான். நெஞ்சு படபடக்கிறது. மூச்சு சின்னதாகிறது. தோள் இறுகுகிறது. நேற்று வரை கை தானாகச் செய்து வந்த வேலையில் மனசு குறுக்கே புகுந்து, ‘இரு, நான் பார்த்துக்கிறேன்’ என்கிறது. அங்கேதான் பந்து கோலுக்கு வெளியே போகிறது.

மனசு வாத்தியார் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறார். பெனால்டி அடிக்கும் முன் தினமும் ஒரே மாதிரி செய்யும் 3, 4 சின்னக் காரியங்கள்: பந்தை வைப்பது, 2 அடி பின்னால் போவது, மூச்சை நீளமாக வெளியே விடுவது, ஓடுவது. பயிற்சியிலும் அதே. இறுதி ஆட்டத்திலும் அதே. மனசுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. அப்புறம், எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்ப்பது. அம்பயர், கூட்டம், செலக்டர், ஸ்கோர் போர்டு இதெல்லாம் நம் கையில் இல்லை. அடுத்த பந்து இருக்கிறது. தப்பு செய்த பிறகு அடுத்த பந்துக்குத் திரும்பி வர எத்தனை வினாடி ஆகிறது? 60 வினாடி ஆகிறவரை 10 வினாடிக்குக் கொண்டு வருவதற்குப் பெயர்தான் பயிற்சி. ஒரு நாளில் வராது. நெட்டில் பந்து அடிப்பது போல தினமும் செய்தால்தான் வரும்.

இது இன்று நேற்று வந்த சரக்கும் இல்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிபித் என்பவர் 1925-லேயே இதற்கு ஒரு ஆராய்ச்சிக்கூடம் வைத்தார். 1938-ல் சிகாகோ பேஸ்பால் அணி அவரை வேலைக்கு எடுத்தது. அணியின் மானேஜர்கள் அவரைக் கிட்டவே சேர்க்கவில்லையாம்! ‘எனக்குத் தெரியாததா?’ என்கிற வாத்தியார்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கண்ணால் வசியம்!

மனோதத்துவம் என்றதும் சிலருக்கு மாய மந்திர நினைப்பு வரும். அதற்கு ஒரு பழைய கூத்தும் காரணம். 1978-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு பாகியோ நகரில் கார்போவுக்கும் கோர்ச்னாய்க்கும் உலக செஸ் பட்டப் போட்டி. கார்போவ் கோஷ்டியில் சுகார் என்று ஒரு மனோதத்துவ டாக்டர். முன்வரிசையில் உட்கார்ந்து கோர்ச்னாயை இமை கொட்டாமல் முறைத்துக்கொண்டே இருந்தாராம்! ‘என்னை வசியம் பண்ணுகிறான்’ என்று கோர்ச்னாய் புகார் மேல் புகார். கண்ணாடி போல் எதிரொளிக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆட வந்தார். கார்போவ் 6—5 என்று ஜெயித்தார். முறைப்பால் ஜெயித்தாரா, ஆட்டத்தால் ஜெயித்தாரா என்று சண்டை போட்டவர்கள் உண்டு. இன்றைய மனப் பயிற்சிக்கும் அந்தக் கூத்துக்கும் சம்பந்தமே இல்லை. எதிராளியை ஒன்றும் செய்வது கிடையாது. தன் ஆளோடு மட்டும்தான் பேச்சு.

தலையில் கை வைத்த பையன்

செஸ் என்றதும் நம்ம குகேஷ் கதைக்கு வருவோம். சென்னைப் பையன். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அப்போது அவருக்கு வயது 16. முதல் 8 ஆட்டமும் ஜெயித்து உலகத்தையே வாயைப் பிளக்க வைத்தார். 10-வது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவ். நன்றாக இருந்த ஆட்டத்தை ஜெயித்தே தீருவேன் என்று இழுத்து, கடிகாரம் விரட்ட, தப்பு நகர்த்தி, தோற்றார். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. குகேஷ் ஆடிய இந்தியாவின் 2-வது அணிக்கு வெண்கலம்.

2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ. உலகச் சாம்பியனோடு மோதப் போவது யார் என்று முடிவு செய்யும் போட்டி. 7-வது சுற்றில் பிரூஜாவிடம் தோல்வி. இந்த முறை தலையில் கை வைக்கவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு வந்த ஓய்வு நாளில்தான் மனசு ரொம்பத் தெளிவாக இருந்தது என்று பின்னால் அவரே சொன்னார். போட்டியை ஜெயித்தார். ஜெயித்த கையோடு, தனக்கு மனப் பயிற்சி வேண்டும் என்று ஆதரவாளர்களிடம் கேட்டார். அவர்கள் கோர்த்துவிட்டதும் அதே அப்டனோடுதான்!

கவனியுங்கள். தோற்ற பிறகு வைத்தியம் தேடவில்லை. ஜெயித்த பிறகு போய்க் கேட்டார்.

பட்டப் போட்டி சிங்கப்பூரில். எதிரே சீனாவின் டிங் லிரென். முந்தினால் என்ன செய்வது, பின்தங்கினால் என்ன செய்வது, எப்படித் தூங்குவது, ஓய்வு நாளை எப்படிக் கழிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்ததாக அப்டன் பேட்டிகளில் சொன்னார். பெரிய மேடை என்பதற்காகப் புதுசாக ஏதாவது செய்து காட்ட வேண்டாம், வழக்கமாகச் செய்வதையே செய் என்பதுதான் அவர் கொடுத்த யோசனையின் சாரம்.

நவம்பர் 25, முதல் ஆட்டம். வெள்ளைக் காய் வைத்திருந்தும் குகேஷ் தோற்றார்!

அன்று அவரைத் தூக்கி நிறுத்தியது இன்னொரு சென்னைக்காரர். விசுவநாதன் ஆனந்த். லிப்டில் பார்த்தபோது ஆனந்த் சொன்னாராம்: எனக்கு 11 ஆட்டம்தான் மிச்சம் இருந்தது, உனக்கு 13 இருக்கிறதே! குகேஷே இதைச் சொல்லிச் சிரித்தார். 2010-ல் சோபியாவில் டோபலோவுக்கு எதிரான 12 ஆட்டப் போட்டியில் ஆனந்தும் முதல் ஆட்டத்தைத் தோற்றவர்தான். அந்த வருஷம் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் ஓடாமல், பிராங்க்பர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் ரோட்டிலேயே போய்ச் சேர்ந்து ஆடினார். கடைசி ஆட்டத்தை ஜெயித்துப் பட்டத்தைக் காப்பாற்றினார். அறிவுரையே கிடையாது பாருங்கள். ஒரு கணக்கு. ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். அப்டனே அங்கே இருந்திருந்தாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

குகேஷ் 3-வது ஆட்டத்தையும் 11-வது ஆட்டத்தையும் ஜெயித்தார். 12-ல் மறுபடி பலமான அடி. 6—6. 13-வது டிரா. டிசம்பர் 12-ந் தேதி 14-வது ஆட்டம். டிராவில் முடியும் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். குகேஷ் வேறு ஏதோ நகர்த்தப் போனவர், சட்டென்று கண்டுகொண்டார். முகம் மாறியது. ஆனால் கை காய்க்குப் போகவில்லை. தண்ணீர் குடித்தார். தன்னை அடக்கிக்கொண்டார். அப்புறம்தான் நகர்த்தினார். 58-வது நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் உலகச் சாம்பியன்! மாமல்லபுரத்தில் கடிகாரம் விரட்டிய பையனும் இவர்தான்.

நம்ம கிரவுண்டில்...

சாயந்திரம் 5 மணிக்கு தி.நகர் சோமசுந்தரம் கிரவுண்டு பக்கமோ, மெரினா பக்கமோ, அடையாறிலோ, மயிலாப்பூரிலோ நடந்து பாருங்கள். எந்த இடம் என்று பெயர் வேண்டாம், சென்னை முழுக்கக் காதில் விழும் சங்கீதம் ஒன்றுதான். ‘டேய், எத்தனை தடவைடா சொல்றது!’ ‘காலை நகர்த்துடா மாடு!’ கோச் ஒரு பக்கம், கம்பி வேலிக்கு வெளியே அப்பா இன்னொரு பக்கம். பையன் பந்தைப் பார்ப்பானா, அப்பா முகத்தைப் பார்ப்பானா? மானேஜர் ஒருவர் நின்றாலே டைப் தப்பாகிறது. இங்கே 2 மானேஜர்!

அதனால்தான் விவரம் தெரிந்த மனப் பயிற்சியாளர்கள் பிள்ளையை விட்டுவிட்டு முதலில் கோச்சைப் பிடிக்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போது ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். ‘ஏன் அப்படி அடிச்சே’ என்பதற்குப் பதில் ‘பந்து எங்கே விழுந்துது, பார்த்தியா?’ என்று கேளுங்கள். தப்பை மறுநாள் பயிற்சியில் திருத்துங்கள், அப்போதே வேண்டாம். இதற்குக் காசு, பணம் எதுவும் வேண்டாம். வாயைக் கொஞ்சம் கட்ட வேண்டும். அதுதான் கஷ்டம்!

இன்னொன்று, ரகசியம். வீரன் மனசு விட்டுச் சொன்னது செலக்டர் காதுக்குப் போகக் கூடாது. ‘எனக்குப் பயமா இருக்கு சார்’ என்று ஒருத்தன் சொல்லி, அடுத்த மேட்சில் அவன் பெயர் லிஸ்டில் இல்லை என்றால், அப்புறம் அந்த அணியில் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். ஆபீசில் மானேஜருக்குக் கோள் சொல்லும் ஆளிடம் யாராவது குடும்பக் கஷ்டம் சொல்வார்களா? தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்கிற அளவுக்குப் போனால் அது மனப் பயிற்சியாளர் வேலை அல்ல, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அந்தக் கோடு தெரியாதவரை நம்பக் கூடாது.

அப்டனைப் போன்றவரைக் கூப்பிட எல்லோராலும் முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. ஆனால் நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. ஹாரி பக் என்ற அமெரிக்கர் 1920-ல் ஆரம்பித்தது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பி.டி. வாத்தியார் படிப்பில் விளையாட்டு உளவியல் ஒரு பாடம். அதில் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர்கள்தான் இன்று பள்ளிக்கூடங்களில் விசில் ஊதுகிறார்கள். ‘50 பையன், ஒரு விசில், முக்கால் மணி நேரம். இதிலே உளவியல் எங்கே சார் பார்க்கிறது?’ என்று கேட்டால், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அந்த முக்கால் மணி நேரத்தையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறாரே!