டோரதி டி லா ஹேயும் சென்னைப் பெண்களின் உயர்கல்வியும்

1914 ஜூலையில், மெரினாவை ஒட்டிய கேப்பர் மாளிகையில் 37 மாணவியருடன் தொடங்கிய சென்னை மகளிர் கல்லூரிக்கு, ஆக்ஸ்போர்டில் பயின்ற டோரதி டி லா ஹே முதல் முதல்வராகப் பொறுப்பேற்று, 1936 வரை அதை வழிநடத்தினார். அதற்கு முன், 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி போன்ற மிகச் சிலரே மாநிலக் கல்லூரியில் ஆண்களோடு அமர்ந்து படித்திருந்த நிலையில், பெண்களுக்கென்றே அமைந்த அரசுக் கல்லூரி தயங்கிய பெற்றோருக்குத் துணிவளித்தது; அதன் பெரும் பயன் அதுவே எனலாம். 1917இல் அது இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது.

ஆனால் நகரின் தெற்கும் வடக்கும் ஒன்றுபோல் பயன்பெறவில்லை. 1870களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், அதாவது கடலுக்குள் நீளும் கற்கட்டுகள், தெற்கிலிருந்து கடல் நீரோட்டம் கொண்டுவரும் மணலைத் தடுத்ததால், அக்கல்லூரிக்கு எதிரே கடற்கரை அகன்றது; வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளையோ கடல் அரித்தது. கல்வியிலும் அவ்வாறே: மீனவரும் துறைமுக, ஆலைத் தொழிலாளரும் நிறைந்த இந்த வடபகுதியின் பெண்கள், அருகில் ஓர் அரசு மகளிர் கல்லூரியைக் காண, பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி தொடங்கப்பட்ட 1964 வரை, அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.