அன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது?

“பக்கத்து லயத்தில் படம் தெளிவாக வருகிறது. எங்கள் வீட்டில் மட்டும் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, ஏன்?” றொசல்லப் பகுதியில் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு இந்தச் சிரமம் இன்னும் அதிகம். பழைய வீட்டில் நன்றாக வேலை செய்த அன்டெனாவைக் கழற்றி வந்து அதேபோலக் கட்டினாலும், புதிய இடத்தில் படம் வருவதில்லை.

இது பொழுதுபோக்குப் பற்றிய காரியம் மட்டுமன்று. 2020ஆம் ஆண்டு கொவிட் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தமிழ்மொழிப் பாடங்கள் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் நேத்ரா அலைவரிசையில் ஒளிபரப்பாயின. கைத்தொலைபேசி வசதியும் இல்லாமல், படமும் வராத வீட்டுப் பிள்ளைக்கு அந்த மாதங்களில் பாடசாலையே இல்லை என்றாகியது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் சுட்டி டிவி கூரை அன்டெனாவில் வராது. 2007இல் இந்தியாவில் தொடங்கப்பட்ட அந்த அலைவரிசை, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள செய்மதி வழியாக வருவது. அதற்கு டிஷ்ஷும் கட்டணமும் வேண்டும். அன்டெனாவில் கிடைப்பவை நேத்ரா, வசந்தம் போன்ற உள்நாட்டு அலைவரிசைகளே.

இவை மலையுச்சியிலுள்ள கோபுரங்களிலிருந்து அனுப்பப்படுகின்றன. ரூபவாஹினியின் முக்கிய கோபுரங்களுள் ஒன்று 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை மலையில் இருக்கிறது. றொசல்லயிலிருந்து பார்த்தால் அது கிழக்கே, சற்று வடக்காக, ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. தூரம் அதிகமில்லை, ஆனால் இடையில் கிரேட் வெஸ்டேர்ன் போன்ற மலைகள் நிற்கின்றன. தொலைக்காட்சி அலைகள் வெளிச்சத்தைப் போலப் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. மலை மறைத்தால் அதன் நிழல் விழும் பள்ளத்தில் அலை பலவீனமாகிவிடும். மேட்டு லயத்தில் படம் வந்து, பள்ளத்து லயத்தில் வராமற்போவது இதனால்தான்.

இனிச் செய்யவேண்டியவை:

1. அன்டெனாவின் குறுகிய கம்பிகள் உள்ள முனை கோபுரத்தை நோக்க வேண்டும். நீண்ட கம்பி பின்னால் இருக்க வேண்டும். இதை மாற்றிக் கட்டுபவர்கள் பலர். அயலில் தெளிவான படம் வரும் வீட்டு அன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள்.

2. ஒருவர் கூரையில் மெதுவாகத் திருப்ப, மற்றவர் படத்தைப் பார்த்துச் சொல்லட்டும். படம் இரட்டையாகத் தெரிந்தால், எதிர் மலையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து வருகிறது என்று பொருள். இன்னும் சிறிது திருப்புங்கள். சில பள்ளங்களில் கோபுரத்தை நோக்குவதைவிட எதிர் மலையை நோக்கினால் நல்ல படம் வருவதும் உண்டு.

3. வீட்டுக் கூரையில் கிடைக்காவிட்டால், பத்தடி தள்ளியுள்ள மேட்டில் முயன்று பாருங்கள். உயரத்தைவிடப் பொருத்தமான இடம் முக்கியம்.

4. பூஸ்டர் வாங்க அவசரப்பட வேண்டாம். வரும் அலையைத்தான் அது பெருக்கும். வராத அலையை உண்டாக்காது. வாங்கினால் அன்டெனாவுக்கு அருகிலேயே பொருத்துங்கள்.

5. வயரின் இணைப்பில் மழைநீர் இறங்காதபடி மூடிக் கட்டுங்கள். வட்டவளைப் பக்கத்து மழைக்குத் துருப்பிடித்த இணைப்பே பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

பாதுகாப்பை மறக்கக்கூடாது. மின்கம்பிக்கு அருகில் அன்டெனாக் கம்பத்தை நிறுத்தாதீர்கள். கம்பம் சரிந்தாலும் மின்கம்பியில் படாத தூரம் வேண்டும். ஈரக் கூரையில் ஏற வேண்டாம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை நேரத்தில் இடி மின்னல் அதிகம். இடி கேட்குமுன்பே, வானம் இருளும்போதே அன்டெனா வயரையும் மின்சாரப் பிளக்கையும் கழற்றி விடுங்கள்.

இவ்வளவும் செய்தும் படம் வராத வீடுகள் இருக்கும். அது அந்தக் குடும்பத்தின் குறையன்று; மலையின் அமைப்பு அப்படி. அதற்காக ஒவ்வொருவரும் கடன்பட்டு உயரமான கம்பம் வாங்குவதில் பயனில்லை. நல்ல படம் கிடைக்கும் ஓர் இடத்தைத் தேடுங்கள். அது பிள்ளைக் காம்பராவாகவோ சனசமூக நிலையமாகவோ இருக்கலாம். எல்லோரும் சேர்ந்து அங்கே ஓர் அன்டெனாவை உறுதியாக நிறுத்தி, பாட நேரத்தில் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வையுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருந்தால், விளங்காததைப் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியும்.