அம்மா கட்டிய சூட்கேஸ்
ஊறுகாய், லேகியம், கறிவேப்பிலை: வெளிநாட்டு விமான நிலையங்களில் சிக்குவது பெரும்பாலும் பண்டத்தால் அல்ல, படிவத்தில் சொல்லும் பொய்யால்

விமானம் புறப்பட இன்னும் ஆறு மணி நேரம். ஹாலின் நடுவில் திறந்து கிடக்கிறது சூட்கேஸ். புடவைகளும் ஸ்வெட்டர்களும் ஓர் ஓரமாக ஒதுங்கிவிட்டன. நடுநாயகமாக வீற்றிருப்பவை பிளாஸ்டிக் உறைகளில் மூன்று சுற்றுச் சுற்றிய ஆவக்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, வடகம், பால்கோவா, ஈரத்துணியில் சுருட்டிய கறிவேப்பிலை. எல்லாவற்றுக்கும் அடியில், எவர்சில்வர் டப்பாவில், நெய்யும் தேனும் விட்டுக் கிளறிய பிரசவ லேகியம். மகளுக்கு ஆஸ்திரேலியாவில் இது ஒன்பதாம் மாதம். அம்மாவும் அப்பாவும் முதல் முறையாகக் கடல் கடக்கிறார்கள். "படிவத்தில் சாப்பாடு இருக்கான்னு கேட்டா இல்லைன்னு போட்டுடுங்க" என்று அனுபவஸ்தர் ஒருவர் ஏற்கனவே போனில் உபதேசம் செய்துவிட்டார்.

இந்தியாவின் எந்த நகரத்திலும், எந்த மொழி பேசும் வீட்டிலும் காணக்கூடிய காட்சிதான் இது. குஜராத்தி வீட்டில் தேப்லா, பஞ்சாபி வீட்டில் பிரசவமான பெண்ணுக்கான பின்னி லட்டு, வங்காளி வீட்டில் கசகசா. பண்டம் மாறும், பாசமும் பயமும் மாறாது. போனில் கிடைக்கும் அந்த உபதேசமும் மாறாது. தொல்லையெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

சுங்க அதிகாரி என்றாலே நம்மவர்களுக்குத் தங்கம், மின்னணுச் சாமான், வரி ஆகியவைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஊறுகாய் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு வரியில் அக்கறை இல்லை. அவர் தேடுவது கண்ணுக்குத் தெரியாத கிருமியை, அரிசிக்குள் உறங்கும் புழுவை, இலையின் அடியில் ஒட்டியிருக்கும் முட்டையை. அம்மாவின் கைப்பக்குவத்தின்மேல் அவருக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது தெரியாததுதான் அவருடைய சிக்கல். கடையில் வாங்கிய பாக்கெட்டில் சேர்மானங்களின் பட்டியல் உண்டு, தயாரித்த இடம் உண்டு, சீல் உண்டு. எவர்சில்வர் டப்பாவுக்கு அம்மாவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பால்கோவாவும் பசுமாடும்

பால்கோவாவில் அப்படி என்ன ஆபத்து? விடை கோமாரி நோயில் இருக்கிறது. நம் கிராமங்களில் மாடுகளை அடிக்கடி படுக்க வைக்கும் இந்த நோயின் வைரஸ் பாலிலும் இறைச்சியிலும் தங்கியிருக்கும். மனிதருக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் நோய் இல்லாத நாட்டின் கால்நடைப் பண்ணைகளுக்கு இது கொள்ளி. ஆஸ்திரேலியாவில் கடைசியாகக் கோமாரி தலைகாட்டியது 1872-ல். இந்தியாவில் அது இன்னும் ஒழியவில்லை. ஒழிப்பதற்கான தேசியத் தடுப்பூசித் திட்டமே 2019-ல்தான் தொடங்கியது.

சூட்கேஸில் வந்த இறைச்சித் துண்டு பண்ணை மாட்டின் வாய்க்கு எப்படிப் போகும் என்ற கேள்விக்கு, 2001-ல் பிரிட்டன் கொடுத்த விலை பதில் சொல்லும். வட இங்கிலாந்தின் ஒரு பன்றிப் பண்ணையில், உணவகங்களின் மிச்சம் மீதியைச் சரியாக வேகவைக்காமல் தீவனமாகப் போட்டார்கள். சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்த இறைச்சி அதில் கலந்திருக்க வேண்டும் என்பது விசாரணையில் வந்த முடிவு. அடுத்த சில மாதங்களில் 60 லட்சத்துக்கும் அதிகமான ஆடு, மாடு, பன்றிகள் கொல்லப்பட்டன. பல கிராமங்களில் சடலங்களை அடுக்கி எரித்த புகை வாரக்கணக்கில் அடங்கவில்லை. அந்த வைரஸ் வகை முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1990-ல், வட இந்தியாவில்.

இந்தியாவிலிருந்து வரும் பயணியின் பையில் பால் பொருளும் இறைச்சியும் இருக்கவே கூடாது என்று ஐரோப்பிய யூனியனும் பிரிட்டனும் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ஆஸ்திரேலியாவும் இந்த விஷயத்தில் கறார். மட்டன் சுக்காவுக்கும் கருவாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத அதிகாரிக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்வதைவிட, மட்டனை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது புத்திசாலித்தனம்.

இலையில் வந்த வினை

கறிவேப்பிலையின் கதை இன்னும் சுவாரசியமானது. எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது கறிவேப்பிலைச் செடி. அதன் இலையை விரும்பி உண்ணும் ஒரு சிறு பூச்சி, ஆரஞ்சு மரங்களைச் சாகடிக்கும் பாக்டீரியாவைச் சுமந்து செல்லக்கூடியது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் இந்தப் பூச்சி 1998-ல் கண்டுபிடிக்கப்பட்டது, நோய் 2005-ல். 1997-98 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அந்த மாநிலத்தில், 2022-23-ல் 2 கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. புயல்களும் சேர்ந்து அடித்தன என்றாலும் முதல் குற்றவாளி இந்த நோய்தான். அமெரிக்க விமான நிலையத்தில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கண்டதும் அதிகாரியின் முகம் மாறுவதில் வியப்பில்லை.

அரிசிக்கும் இப்படி ஒரு ஜாதகம் உண்டு. கப்ரா வண்டு என்ற இந்தியத் துணைக்கண்டத்துப் பூச்சியின் புழு, சாக்குத் தையலிலும் அட்டைப்பெட்டி மடிப்பிலும் ஒளிந்துகொண்டு, உணவே இல்லாமல் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணப் பூச்சிமருந்து அதை அசைக்காது. 1953-ல் கலிஃபோர்னியாவின் தானியக் கிடங்குகளில் அது கண்டுபிடிக்கப்பட்டபோது, முழுவதுமாக விரட்ட 10 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்த வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி எடுத்துவர 2011-ல் அமெரிக்கா தடை விதித்தது. பட்டியலில் இந்தியாவும் உண்டு. பொங்கலுக்கென்று ஆசையாகக் கட்டிய புத்தரிசி, அமெரிக்க மண்ணில் கால்வைத்த கையோடு குப்பைத் தொட்டிக்குப் போகும்.

நாட்டுக்கு நாடு பயம் வேறு. தன் தேனீக்களைக் காப்பதற்காகத் தேனை விடாது நியூசிலாந்து. தேன் கலந்த லேகியமும் அங்கே அந்தக் கண்ணோடுதான் பார்க்கப்படும். வளைகுடாவில் பயம் போதைப்பொருள்மேல். குருமாவுக்கு அரைக்கும் கசகசா, ஓபியம் தரும் அதே செடியின் விதை. இந்தியாவில் மளிகைக் கடையில் கிடைக்கும் அந்தப் பொட்டலம் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், சவுதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தடை செய்யப்பட்ட சரக்கு. தேங்காய்க் கொப்பரையோ விமானத்திலேயே ஏறக்கூடாது. எண்ணெய்ப் பசை மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால், பாதுகாப்புச் சோதனையில் அது திரவமாகிவிடும். 2006-ல் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி அம்பலமான பிறகு வந்த 100 மில்லி லிட்டர் கட்டுப்பாட்டுக்கு ஆவக்காய் எண்ணெயும் விலக்கல்ல.

ஒரு டிக்கின் விலை

இவ்வளவு தடைகளையும் பட்டியலிட்டால் அம்மா மலைத்துப் போவார். உண்மையில் அவர் இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று குறிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா மூன்றிலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான். இருப்பதை உள்ளபடி சொல்லிவிட்டால், அதிகாரி பார்ப்பார். அனுமதிக்கப்பட்டதைத் திருப்பித் தருவார், மற்றதைத் தொட்டியில் போடுவார். அபராதம் இல்லை. மறைத்தால்தான் குற்றம். நியூசிலாந்தில் ஆபத்தான பொருளைச் சொல்லாமல் கொண்டுவந்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் தண்டம். ஆஸ்திரேலியாவில் 2025-ல் இது 6,600 டாலர் வரை. அமெரிக்காவில் 10,000 டாலர் வரை போகலாம்.

வெறும் மிரட்டல் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள். 2022-ல் பாலியிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வந்த ஒரு பயணியின் பையில், இரண்டு முட்டை-மாட்டிறைச்சி பன்களையும் ஒரு ஹாம் ரொட்டியையும் மோப்ப நாய் கண்டுபிடித்தது. காலைச் சிற்றுண்டியின் மிச்சம்தான். படிவத்தில் சொல்லவில்லை. அபராதம் 2,664 டாலர். அதற்கும் முன்பு, 2019 அக்டோபரில், பன்றி இறைச்சி உட்பட 10 கிலோவுக்கும் அதிகமான உணவைச் சொல்லாமல் சிட்னியில் வந்திறங்கிய ஒரு வியட்நாம் பெண்ணின் விசா அங்கேயே ரத்து செய்யப்பட்டது. அவர் திரும்பி வர மூன்று ஆண்டுகள் தடை.

மகளின் பிரசவத்துக்கு வரும் தாய்க்கு இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. டப்பாவில் இருப்பது சில நூறு ரூபாய் லேகியம். பணயம் வைப்பதோ பேரக்குழந்தையின் முதல் மூன்று வருடங்கள்.

ஏமாற்றிவிடலாம் என்ற கணக்கும் இப்போது பலிப்பதில்லை. எக்ஸ்ரே திரையில் உணவு தனி நிறத்தில் தெரிகிறது. அமெரிக்காவில் பீகிள் நாய்கள் 1984 முதல் பயணிகளின் பைகளை மோந்து வருகின்றன. குரைப்பதில்லை, கடிப்பதில்லை. மாம்பழ வாசனை வந்தால் பையின் அருகே சமர்த்தாக உட்கார்ந்துவிடும். மூன்று சுற்று பிளாஸ்டிக் அதன் மூக்குக்குத் திரையாகாது.

ஆகவே அனுபவஸ்தர்கள் சொல்லவேண்டிய உபதேசம் வேறு. போகும் நாட்டின் அதிகாரபூர்வப் பட்டியலை மகனோ மகளோ முன்கூட்டியே பார்த்து அம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டும். உணவுகளை ஒரே பையில் மேலாக வைக்க வேண்டும். பூட்டிய பெட்டியின் அடியில் புதைத்தால் சந்தேகம்தான் வளரும். ஒவ்வொரு டப்பாவின்மேலும் என்ன பண்டம், என்னென்ன சேர்ந்தது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டலாம். படிவம் புரியாவிட்டால் விமானப் பணிப்பெண்ணையோ பக்கத்து இருக்கைக்காரரையோ கேட்கலாம். தெரியாததற்கு "இல்லை" என்று போடுவதுதான் கூடாது.

நமக்கும் வலித்தது

வெள்ளைக்காரனின் அலட்டல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2008-ல் கோயம்புத்தூரில் ஒரு புதிய பூச்சி தென்பட்டது. மெக்சிகோவைப் பூர்விகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி. பப்பாளியில் தொடங்கி மரவள்ளி, மல்பெரி என்று வெள்ளை வெளேரென்று அப்பிக்கொண்டது. கொங்கு மண்டல விவசாயிகள் மருந்தடித்துச் சலித்து, தோட்டங்களையே அழிக்க நேர்ந்தது. கடைசியில் 2010-ல், இந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகளைப் போர்ட்டோ ரீகோவிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் வளர்த்துத் தோட்டங்களில் விட்ட பிறகே தொல்லை அடங்கியது.

எல்லை தாண்டி வரும் ஒரு பூச்சி ஊரையே உலுக்கும் என்பதை ஈரோட்டு மரவள்ளி விவசாயியிடம் யாரும் விளக்கத் தேவையில்லை. இந்தியாவும் 1914-லேயே இதற்கெனச் சட்டம் போட்ட நாடுதான். ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டக்காரரும், ஆஸ்திரேலியாவின் மாட்டுப் பண்ணைக்காரரும் அஞ்சுவது இதே நஷ்டத்துக்குத்தான்.

அம்மா மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரிய நகரங்களில் இன்று இந்திய மளிகைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சுக்கும் திப்பிலியும் வெல்லமும் நெய்யும் அங்கேயே கிடைக்கும். மகள் வீட்டு அடுப்பில் லேகியத்தைப் புதிதாகக் கிளறிக் கொள்ளலாம். அதற்கு அம்மா விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். படிவத்தில் "ஆம்" என்று ஒரு டிக் போட்டால் போதும். டப்பா உள்ளே தங்கினாலும் அவர் வந்துவிடுவார்.