கூரையில் ஒரு மருந்துப் பெட்டி

போகிப் பண்டிகை என்றதும் பட்டணத்தில் இருக்கும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? விடியற்காலைப் பறைச் சத்தம், தெருவெல்லாம் புகை! கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்த வரையில் கண் கரிந்ததோடு சரி. பிறகு டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்துகொண்டன. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் புகை மண்டி, விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பிப் போயின என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

கொங்கு நாட்டுக் கிராமங்களில் அன்றைய வழக்கமே வேறு. அங்கே எரிப்பது பெரிதல்ல, கட்டுவதுதான் பெரிது. ‘காப்புக் கட்டு’ என்று அதற்குப் பெயர்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிநேகிதியின் பிறந்த வீட்டுக்குப் பொங்கலுக்குப் போயிருந்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அடியில் செம்மண் பட்டை தீட்டியிருந்தார்கள். சாணம் தெளித்த வாசலில் அரிசி மாவுக் கோலம். ஜரிகைக் காகிதமோ, பிளாஸ்டிக் தோரணமோ மருந்துக்குக்கூடக் கண்ணில் படவில்லை. சாயங்காலம் பேரப் பிள்ளைகள் வேலியோரத்திலிருந்து கை நிறையப் பறித்து வந்தார்கள். பச்சை வேப்பிலை, மஞ்சள் ஆவாரம்பூ, வெள்ளைப் பூளைப்பூ. மூன்றையும் கொத்தாகச் சேர்த்து, கூரை இறவாரத்திலும், மாட்டுத் தொழுவத்திலும், வயல் மூலையிலும் செருகினார்கள். இவற்றோடு பிரண்டை, தும்பை, நாயுருவி, மாவிலை சேர்க்கும் வீடுகளும் உண்டு. செலவு? ஒரு காசு இல்லை!

“ஏங்கண்ணு, பட்டணத்துல இதெல்லாம் கட்ட மாட்டீங்களா?” என்று கேட்டார் சிநேகிதியின் அப்பத்தா. நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன்.

அந்தச் சமயம் பேரன் ஒருவன் வேறு ஏதோ வெள்ளைப் பூவைக் கொண்டுவந்து நீட்டினான். அப்பத்தா அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது பூளையில்லீடா. போய் மறுபடியும் பாரு!” பையன் ஓடினான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இது வெறும் அலங்காரமல்ல. வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் மூலிகைப் பரீட்சை!

ஏனென்றால், அந்தக் கொத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் மருந்து. சிறுபூளையை நீரடைப்புக்கும் கல்லடைப்புக்கும் கஷாயமாகக் கொடுப்பது சித்த வைத்தியம். ஆவாரம்பூவை நீரிழிவுக்குச் சொல்வார்கள்; அதன் பட்டையோ தோல் பதனிட உதவியது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களிலே ஆவிரையும் பூளையும் அருகருகே வருகின்றன. அத்தனை பழைய உறவு!

வேம்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தானியக் குதிரில் காய்ந்த வேப்பிலை போட்டுப் பூச்சியை விரட்டியது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த வித்தை. வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தை ஒழிக்கும் முறைக்கு ஐரோப்பியப் பேடன்ட் அலுவலகம் 1994-இல் உரிமை வழங்கியது. ‘இது இந்தியாவில் முன்பே தெரிந்ததுதான்’ என்று வழக்காடி, 2000-இல் அதை ரத்துச் செய்ய வைத்தார்கள். 2005-இல் அப்பீலும் தள்ளுபடியாயிற்று.

அதற்காக, பச்சிலை என்றாலே கெடுதல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அன்று இரவு சிநேகிதியின் அண்ணியுடைய கைக்குழந்தைக்குச் சளி. “ரெண்டு சொட்டு வேப்பெண்ணெய் உள்ளுக்குக் குடுங்க” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். அப்பத்தா சட்டென்று தடுத்தார்: “வாசல்ல கட்டறது வேற, வாயில ஊத்தறது வேற! காலைல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.”

எவ்வளவு சரியான வார்த்தை! உள்ளுக்குக் கொடுத்த வேப்பெண்ணெயால் பச்சைக் குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மூளைப் பாதிப்பு, மரணம்கூட நேர்ந்திருப்பதை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. அதேபோல், ஆவாரம்பூத் தண்ணீர் குடிக்கிறோமே என்று சர்க்கரை வியாதிக்காரர்கள் மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. கல்லடைப்பு வலியோடு வீட்டில் கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காரவும் கூடாது.

வீட்டில் தைரியமாகச் செய்ய வேண்டியது பிரண்டைத் துவையல். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். இளம் பிரண்டையாகப் பார்த்து நாரை உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்குங்கள். வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, உப்புச் சேர்த்து அரைத்தால் ஆயிற்று. வதக்கலும் புளியும் குறைந்தால் நாக்கு உங்களை மன்னிக்காது!

“எங்கள் அடுக்கு மாடியில் கூரை ஏது, வேலி ஏது?” என்கிறீர்களா? நிலைப்படி இருக்கிறதே! தெருமுனை வேப்ப மரத்தில் ஒரு கொத்து, மார்க்கெட்டில் கிடைத்தால் ஆவாரமும் பூளையும் ஒரு பிடி, கட்ட ஒரு முழம் வாழை நார். இவ்வளவு போதும்.

கட்டும் வேலையை மட்டும் குழந்தைகளிடம் விடுங்கள். ஒவ்வோர் இலையின் பேரையும் சொன்ன பிறகே முடிச்சுப் போடலாம் என்று சட்டம் வையுங்கள். அவர்கள் திருப்பி நம்மையே கேட்டுவிட்டால்? அதற்காகத்தான் நான் இப்போதே படிக்க ஆரம்பித்துவிட்டேன்!