பொறுமை மருந்தாகாத வலி: படைவீரர்களும் கொத்துத் தலைவலியும்

வலியைப் பொறுத்துக்கொள்ளும் பண்பு, பயிற்சியின் முதல் நாளிலிருந்தே படைவீரருக்குக் கற்பிக்கப்படுகிறது. கால் கொப்பளித்தாலும் அணிநடையை நிறுத்தாதவரை நாம் போற்றுகிறோம். ஆனால், பொறுத்துக்கொண்டு மறைப்பதாலேயே கேடு மிகும் நோய்களும் உண்டு. கொத்துத் தலைவலி அவற்றுள் ஒன்று. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போல, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பும் ஊர்கள் தமிழ்நாட்டில் உள்ளன. பணியிடத்தில் மறைக்கப்படும் இந்நோய், விடுப்பில் வீட்டிற்கு வரும்போதுதான் பெற்றோர் அல்லது மனைவியின் கண்ணில் படுகிறது. எனவே இக்கட்டுரையைக் குடும்பத்தாருக்காகவும் எழுதுகிறோம்.

பெயரால் விளையும் குழப்பம்

தமிழில் ‘ஒற்றைத் தலைவலி’ என்று நாம் வழங்குவது மைக்ரேன் எனப்படும் நோயை. கொத்துத் தலைவலியும் ஒரு பக்கமே வருவதால், இரண்டும் ஒன்றெனப் பலரும் கருதுகின்றனர். இரண்டும் வேறு. மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுத்திருக்க விரும்புவார். கொத்துத் தலைவலி வந்தவரால் படுக்கவே இயலாது. எழுந்து நடப்பார், முன்னும் பின்னும் ஆடுவார், சிலர் தலையைச் சுவரில் முட்டுவதும் உண்டு.

வலி ஒரு கண்ணைச் சுற்றியோ நெற்றிப்பொட்டிலோ திடீரெனத் தொடங்கிச் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டும். அதே பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை தாழும். மூக்கு ஒழுகுவதைக் கண்டு ‘நீர் கோத்துக்கொண்டது’ என்று ஆவி பிடிப்பதும் பற்றுப் போடுவதும் நம் வீடுகளில் இயல்பு. சைனஸ் என்று ஆண்டுக்கணக்கில் மருந்துண்டவர்களும், பல்வலி என எண்ணிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உள்ளனர்.

நோயின் கடிகாரம்

ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. பெண்களைவிட ஆண்களிடமே மிகுதி. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், அதாவது படைப்பணியில் இருக்கும் வயதிலேயே தொடங்குகிறது. சிகிச்சையின்றி விட்டால் ஒரு தாக்குதல் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். ஒன்றுவிட்ட நாளுக்கு ஒரு முறை என்பதிலிருந்து ஒரே நாளில் எட்டு முறை வரையிலும் வரக்கூடும். இவ்வாறு சில வாரங்களோ மாதங்களோ தொடரும் காலத்தை வலிக்காலம் எனலாம். பின்னர் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், வலியே இராது. நோயாளிகளுள் பத்தில் ஒருவர் அல்லது சற்று மேற்பட்டோருக்கு மட்டும் இத்தகைய இடைவெளி கிடைப்பதில்லை.

பலருக்கு வலி நாள்தோறும் அதே நேரத்தில் வரும். உறங்கி ஓரிரு மணி நேரத்தில் எழுப்பிவிடுவது மிகவும் பொதுவானது. உறக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப் பகுதி தாக்குதலின்போது கிளர்ச்சியுறுவதை, 1998-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வு படமெடுத்துக் காட்டியது. ஆகவே இது மனத்தளர்ச்சியோ பணிக்கு அஞ்சி நடிப்பதோ அன்று.

படைப்பணியில் கூடும் சுமை

இரவுக் காவலில் இருப்பவரின் உறக்கம் துண்டு துண்டாகிறது. உறக்க நேரம் மாறுவது வலிக்காலத்தில் தாக்குதலைத் தூண்டக்கூடும். சிறிதளவு மதுவும் அக்காலத்தில் உடனே வலியை வரவழைக்கும். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்தகைய மலைப்பகுதிகளில் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதும் சிலருக்குத் தூண்டுதலாகிறது.

உயரத்தினால் வரும் சாதாரணத் தலைவலி பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும், உழைத்தால் கூடும். ஒரே பக்கம் கண்ணீருடன் வந்து, மனிதரை நிலைகொள்ளாமல் நடக்கவைப்பது கொத்துத் தலைவலியாக இருக்கலாம். எதுவாயினும், மலைமுகாமில் வரும் தலைவலியை உடனே மருத்துவ அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். உயரத்தினால் மூளை வீங்கும் ஆபத்தும் அங்கு உண்டு.

மறைப்பதேன்?

இந்தியப் படைகளில் உடற்தகுதியை ‘ஷேப்’ என்னும் முறையில் மதிப்பிடுகின்றனர். மனநலம், செவித்திறன், கை கால்கள், உடற்திறன், கண்பார்வை ஆகிய ஐந்தும் தனித்தனியே தரப்படுத்தப்படும். ‘ஷேப்-1’ என்பது முழுத் தகுதி. அதிலிருந்து இறங்கி ‘லோ மெடிக்கல்’ ஆகிவிடுவோமோ, பதவி உயர்வு தடைப்படுமோ என்பதே மறைப்பதற்குக் காரணம். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று கூறி உங்களை ஏமாற்ற நாங்கள் விரும்பவில்லை. ஆனால் மூன்று செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

முதலாவது, துப்பாக்கியுடன் காவல் நிற்பவருக்கு ஒரு கண்ணில் நீர் மறைத்து வலி உச்சத்தில் இருக்குமாயின், அவருடைய உயிரோடு தோழர்களின் உயிரும் ஆபத்துக்குள்ளாகிறது. இரண்டாவது, தகுதிக் குறைப்பு தற்காலிகமாகவும் இருக்கலாம்; குறித்த காலத்திற்குப் பின் மறுபரிசோதனை உண்டு. உயரமான இடம், கண்காணிப்பு, உடலுழைப்பு போன்றவற்றில் எந்தக் கட்டுப்பாடு தேவை என்பதையும் மருத்துவ வாரியம் குறிப்பிட இயலும். மூன்றாவது, நோய் பணியால் விளைந்ததா, பணியால் தீவிரமடைந்ததா என்ற கேள்வி பின்னாளில் எழும்போது மருத்துவப் பதிவேடுகளே சான்று. மறைத்த வலிக்குச் சான்று இராது.

சிகிச்சை உண்டு

சாதாரண வலிமாத்திரை வேலை செய்யத் தொடங்குமுன்பே தாக்குதல் உச்சத்தை எட்டிவிடும். ஆதலால் விரைந்து செயற்படும் சிகிச்சையே தேவை. அவற்றுள் முதன்மையானது ஆக்சிஜன். 2009-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் ஆக்சிஜன் சுவாசித்தபோது 78 விழுக்காடு தாக்குதல்களில் 15 நிமிடத்துக்குள் வலி நீங்கியது அல்லது போதிய அளவு தணிந்தது. வெறும் காற்றுக்கு அது 20 விழுக்காடே. வெளியேற்றிய காற்றை மீண்டும் சுவாசிக்கவிடாத, பையுடன் கூடிய முகமூடி இதற்குத் தேவை. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் வீட்டுக் கருவி போதாது. அருகில் புகைபிடித்தலும் நெருப்பும் கூடாது. நுரையீரல் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பயன்படுத்தலாகாது.

தோலுக்கடியில் போடும் சுமாட்ரிப்டான் ஊசியும் விரைவில் பலன் தரும். இதயநோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. தாக்குதல் வராமல் தடுக்க வெராபமில் பெரிதும் பயன்படுகிறது. அதன் அளவைக் கூட்டும்போது ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது கட்டாயம். எனவே விடுப்பில் தொடங்கிய மருந்தைப் பிரிவுக்குத் தெரியாமல் உண்பது தீங்கு. மருந்துச் சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் பிரிவின் மருத்துவ அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தப் பக்கம், கண்ணிலும் மூக்கிலும் கண்ட மாற்றம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வீரர் இசைந்தால் தாக்குதலின்போது கைபேசியில் சிறு காணொளி எடுங்கள். மருத்துவரின் அறைக்கு வரும்போது வலி இராது. உங்கள் குறிப்பே நோயைக் காட்டிக்கொடுக்கும். தாக்குதலின்போது ‘படுத்துக்கொள், தூங்கினால் சரியாகும்’ என வற்புறுத்தாதீர்கள். நடக்க விடுங்கள், விளக்கைத் தணியுங்கள், வேண்டுமென்றால் மட்டும் அருகில் இருங்கள்.

இவ்வலியின் கொடுமையால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் சிலருக்கு வருவதுண்டு. அதைக் கேட்டறிவது தவறன்று; கேட்பதால் அவ்வெண்ணம் வளராது. அப்படி ஒரு சொல் வந்தால் தனியே விடாதீர்கள். டெலிமானஸ் உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் ஆயுதம் இருப்பின் வேறிடத்தில் பாதுகாத்து வையுங்கள்.

முதன்முறையாக இவ்வகை வலி வந்தால், மூளையில் வேறு நோய் இல்லை என உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. பரிசோதனை தேவைப்படலாம். நொடிப்பொழுதில் இதுவரை அறியாத கடும் தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை இழப்பு ஆகியவற்றுள் எது கண்டாலும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

விடுப்பு முடிந்து வண்டி ஏறுமுன் வீரரின் பையில் இடம்பெற வேண்டியவை இரண்டு: மருத்துவரின் எழுத்துக் குறிப்பும், நீங்கள் எழுதிய வலிக் குறிப்பேடும். அவற்றைத் தம் மருத்துவ அலுவலரின் மேசையில் வைப்பதற்கும் துணிவு வேண்டும். அந்தத் துணிவை அவருக்கு அளிக்க உங்களால் இயலும் என நம்புகிறோம்.