சேர்ந்து உண்ணும் பந்தி

எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி அரசுத் தொடக்கப் பள்ளியில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிட மறுப்பதாக 2023 செப்டம்பரில் புகார் எழுந்தது. கனிமொழி எம்.பி. நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து சாப்பிட்டார்.

பழகினால் பகை தீரும் என்கிறோம். பழக்கம் மட்டும் போதாது என்று 1954-லேயே எழுதினார் அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட். சம மதிப்பு, பொது நோக்கம், கூட்டு உழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு இருந்தால்தான் வெறுப்பு குறையும் என்றார்.

தலித் பெண் காட்டில் களையெடுத்தால் ஏற்பவர்கள், அடுப்படியில் நின்றால் முகம் சுளிக்கிறார்கள். குறை பழக்கத்தில் இல்லை, சம மதிப்பில்தான்.

எம்.பி. வருவது ஒரு நாள். பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் முறைவைத்துத் தினமும் பந்தியில் உட்காரட்டும். பெரியவர்களைப் பார்த்துத்தானே நம் பிள்ளைகள் கற்கிறார்கள்!