சக்கரம் கழன்ற பிறகு கிரீஸ் தேடிப் பயனில்லை!

சேற்று உழவு முடிந்ததும் டிராக்டரைக் கழுவி நிறுத்துகிறோம். இன்ஜின் ஆயிலைப் பார்க்கிறோம், கலப்பையைச் சரிபார்க்கிறோம். ஆனால், முன்சக்கர ஹப்புக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிரெய்லரின் நிலையும் இதுதான். டன் கணக்கில் ஏற்றும் நெல், கரும்பின் பாரம் முழுவதையும் தாங்குவது கையில் அடங்கும் சில பேரிங்குகள்தான். கிரீஸ் வற்றி பேரிங் உடைந்தால், ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடும். பின்னால் டூவீலரில் வருபவருக்கு ஒதுங்க நேரம் இருக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆக்சிலுக்குக் கீழே உறுதியான மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா, சுற்றினால் கரகரவென்று சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கழற்றி மாட்டும் முறை

மூடி, ஸ்பிளிட் பின், நட், வாஷர், வெளி பேரிங் என்ற வரிசையில் கழற்றி ஹப்பை இழுக்க வேண்டும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். உருளைகளில் குழி விழுந்திருந்தாலோ, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ பேரிங்கையும் அதன் கப்பையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பழைய கப்பில் புது பேரிங் நிலைக்காது. புதுக் கப்பை ஒரே பக்கம் அடிக்காமல், சுற்றிலும் சீராகத் தட்டி அடிவரை இறக்க வேண்டும்.

பேரிங்கின் மேலே கிரீஸைத் தடவினால் போதாது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கும்வரை நிரப்ப வேண்டும். பேரிங்குக்கு உரிய லித்தியம் கிரீஸ் நல்லது. பழைய கிரீஸோடு கலக்கக் கூடாது. ஆயில் சீல் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கட்டும்.

நட்டில்தான் சூட்சுமம்

சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, லேசாக இறுக்கம் தெரியும்வரை நட்டை முடுக்க வேண்டும். பிறகு சற்றுத் தளர்த்தி, துளை நேர்பட்டதும் புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஆட்டமும் தெரியக் கூடாது. அதிகம் முடுக்கினால் புது பேரிங்கும் சூடேறிக் கெடும்.

முதல் பாரம் ஏற்றிச் சில கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி, ஹப் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு சகஜம், கை வைக்க முடியாத சூடு என்றால் நட்டை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அறுவடை தொடங்கும் முன் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கினால், பாரத்தோடு நடுரோட்டில் நிற்க நேராது.